14 ஆட்டம் ஜெயித்த அணி வெளியூர் அணியானது எப்படி? என்.எஃப்.எல். சீசன், எளிய விளக்கம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் 2024 சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸ் 17 ஆட்டங்களில் 14-ஐ ஜெயித்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஜெயித்தது 10. கோப்பைக்கான கடைசிக் கட்டமான ப்ளேஆஃபின் முதல் சுற்றில் இந்த இரண்டு அணிகளும் மோத வேண்டி வந்தபோது சொந்த மைதானம் யாருக்குக் கிடைத்தது என்றால், 10 ஜெயித்த ராம்ஸுக்கு. இன்னொரு கூத்து, அதே சீசனில் ராம்ஸ் மாதிரியே 10 ஜெயித்த சியாட்டில் சீஹாக்ஸ் ப்ளேஆஃபுக்கே போகவில்லை.

இதைக் கேட்டதும் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பும். எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த கதை என்பார் ஒருவர், டிவிக்காரர்கள் சொல்கிறபடிதான் யார் யாரோடு ஆடுவது என்று முடிவாகிறது என்பார் இன்னொருவர், பெரிய ஊர் அணிகளுக்குச் சலுகை என்பார் மூன்றாமவர். மூன்றுமே தப்பு. அமெரிக்கக் கால்பந்து சீசன் ஒரு கணக்குப்படி ஓடுகிறது. கணக்கு புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், எதன்மேல் கோபப்பட வேண்டும் என்பதாவது தெரியும்.

வைக்கிங்ஸின் அந்த ஒரு சீசனையே எடுத்துக்கொள்வோம். மைதானத்துக்குள் நடக்கும் ஆட்ட விதிகள் இங்கே தேவையில்லை. பக்கத்துக்கு 11 பேர், முட்டி மோதிப் பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும், பந்தை யாருக்கு எப்போது கொடுப்பது அல்லது எறிவது என்று நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். இவ்வளவு போதும்.

மொத்தமே 17 ஆட்டம்தான்

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது, கூடைப்பந்து அணி 82. இங்கே வெறும் 17. காரணம் உடம்பு. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ள ஆட்கள் முழு வேகத்தில் ஓடி வந்து மோதிக்கொள்ளும் ஆட்டத்தை வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஆட முடியாது. அதனால் செப்டம்பர் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை 18 வாரம், அதில் 17 ஆட்டம். மிச்சமுள்ள ஒரு வாரம் ஓய்வு, அதற்குப் பெயர் பை வாரம். வைக்கிங்ஸுக்கு அது லண்டனில் நியூயார்க் ஜெட்ஸை 23-17 என்று ஜெயித்துவிட்டு வந்த கையோடு, ஆறாவது வாரத்தில் கிடைத்தது.

லீக்கில் இருப்பது 32 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடவேண்டும் என்றாலே ஆளுக்கு 31 ஆட்டம் வேண்டும். இருப்பதோ 17, அதிலும் சிலரோடு இரண்டு முறை ஆட வேண்டியிருப்பதால் ஒரு அணி சந்திக்கும் வெவ்வேறு எதிரணிகள் 14 மட்டுமே. குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. நாம் பார்த்துப் பழகிய பல லீக்குகளில் ஒரே புள்ளிப்பட்டியல், மேலே இருப்பவன் பெரியவன், கதை முடிந்தது. ஆனால் பாதிப் பேரைச் சந்திக்கவே சந்திக்காத ஒரு லீக்கில் 32 பேரையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் அந்தப் பட்டியலுக்கு என்ன அர்த்தம்? 2024-இல் பிலடெல்பியா ஈகிள்ஸும் 14 வெற்றி, 3 தோல்வி. வைக்கிங்ஸும் அதே 14, 3. இரண்டு அணிகளும் அந்த சீசனில் ஒரு முறைகூட நேருக்கு நேர் மோதவில்லை.

வார்டு வார்டாகப் பிரித்த லீக்

எனவே லீக்கைத் துண்டு போட்டிருக்கிறார்கள். முதலில் இரண்டு பாதி, ஒவ்வொன்றிலும் 16 அணிகள். இந்தப் பாதிக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர், ஒன்று என்.எஃப்.சி., மற்றது ஏ.எஃப்.சி. ஒவ்வொரு கான்ஃபரன்ஸையும் நாலு நாலு அணிகளாகப் பிரித்தால் நாலு டிவிஷன். ஆக மொத்தம் எட்டு டிவிஷன். வைக்கிங்ஸ் இருப்பது என்.எஃப்.சி. வடக்கு, கூடவே டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், சிகாகோ பேர்ஸ்.

இதை உள்ளாட்சித் தேர்தல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்டில் 900 ஓட்டு வாங்கியவர் கவுன்சிலர் ஆகிவிடுகிறார், பக்கத்து வார்டில் 1,400 ஓட்டு வாங்கியவர் தோற்று வீட்டுக்குப் போகிறார், ஏனென்றால் அவருடைய வார்டில் இன்னொருத்தர் 1,500 வாங்கிவிட்டார். 1,400 பெரிதா 900 பெரிதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உன் வார்டில் நீ முதல் ஆளா என்பதுதான் கேள்வி. டிவிஷனும் அதுதான். ராம்ஸ் தன் வார்டில், அதாவது என்.எஃப்.சி. மேற்கில், 10 வெற்றியோடு முதலிடம். வைக்கிங்ஸ் தன் வார்டில் 14 வெற்றியோடு இரண்டாமிடம், ஏனென்றால் லயன்ஸ் 15 ஜெயித்துவிட்டது.

எதிரணிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, சூத்திரம் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தத் தொலைக்காட்சி என்பதைத்தான் லீக் அலுவலகம் தீர்மானிக்கிறது, அதில் டிவியின் ஆதாயம் நிச்சயமாக இருக்கிறது. யாரோடு ஆடுவது என்பதில் அவர்கள் கை நீளாது.

சொந்த டிவிஷனில் உள்ள மூன்று பேரோடும் இரண்டிரண்டு முறை, உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று: 6 ஆட்டம். சொந்தக் கான்ஃபரன்ஸில் இன்னொரு டிவிஷனின் நாலு அணிகளோடு 4 ஆட்டம், எதிர்க் கான்ஃபரன்ஸில் ஒரு டிவிஷனின் நாலு அணிகளோடு 4 ஆட்டம். எந்த டிவிஷன் என்பது வருடா வருடம் சுழலும். 2024-இல் வைக்கிங்ஸுக்கு வந்தவை என்.எஃப்.சி. மேற்கும் ஏ.எஃப்.சி. தெற்கும். மொத்தம் 14 ஆச்சு. மிச்சம் மூன்று.

அந்த மூன்றில்தான் சுவாரசியம். போன வருடம் உன் டிவிஷனில் நீ எத்தனையாவது இடம் பிடித்தாயோ, அதே இடத்தைப் பிடித்த மூன்று வேறு டிவிஷன் அணிகளோடு இந்த வருடம் ஆட வேண்டும். 2023-இல் வைக்கிங்ஸ் 7 வெற்றியோடு மூன்றாமிடம். அந்த வருடம் தத்தம் டிவிஷனில் மூன்றாமிடம் வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ், அட்லாண்டா ஃபால்கன்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் ஆகிய மூன்றும் 2024-இல் வைக்கிங்ஸின் அட்டவணையில் வந்து உட்கார்ந்தன. மூன்றையும் ஜெயித்தார்கள். லயன்ஸ் 2023-இல் முதலிடம், ஆகவே அவர்களுக்கு விழுந்தவை முதலிடக்காரர்களான டல்லஸ் கவ்பாய்ஸ், டாம்பா பே பக்கனியர்ஸ், பஃபலோ பில்ஸ். லயன்ஸ் அந்த சீசனில் தோற்றதே இரண்டு ஆட்டம், ஒன்று பக்கனியர்ஸிடம், மற்றது பில்ஸிடம். போன வருடம் நன்றாக ஆடியதற்கு இந்த வருடம் வட்டி கட்டுவது இப்படித்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ஆட்டங்கள் குறைவு, அதனால் எல்லோரும் எல்லோரையும் சந்திப்பதில்லை. ஆனால் ஒரே டிவிஷனில் உள்ள அணிகளுக்கு 17-இல் 14 ஆட்டம் ஒரே மாதிரியான சோதனை. ஆகவே நியாயமாக ஒப்பிடக்கூடிய பட்டியல் டிவிஷன் பட்டியல் மட்டும்தான், லீக் அதன்மேல்தான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் சுலபம்.

ப்ளேஆஃப் வரிசை

ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் ஏழு அணிகள் ப்ளேஆஃபுக்குப் போகும். ப்ளேஆஃபில் தோற்றால் அன்றோடு சீசன் முடிந்தது, இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஏழு அணிகளுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, அதைச் சீடு என்கிறார்கள். டிவிஷன் முதல்வர்கள் நாலு பேருக்கும் 1 முதல் 4 வரை, அவர்களுக்குள் வெற்றிக் கணக்குப்படி. மற்றவர்களில் நன்றாக ஆடிய மூன்று பேருக்கு 5, 6, 7. இந்த மூன்று இடத்துக்குப் பெயர் வைல்ட் கார்டு.

முதல் சீடுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்றபடி 2-ஆம் சீடு 7-ஐயும், 3-ஆம் சீடு 6-ஐயும், 4-ஆம் சீடு 5-ஐயும் சந்திக்கும். சின்ன எண் உள்ளவரின் மைதானத்தில் ஆட்டம். கடைசியில் கான்ஃபரன்ஸுக்கு ஒரு அணி மிஞ்சும், அந்த இரண்டும் பொது மைதானத்தில் மோதுவது சூப்பர் பவுல்.

2024-இல் என்.எஃப்.சி. வரிசையைப் பாருங்கள். லயன்ஸ் 15 வெற்றி, முதல் சீடு. ஈகிள்ஸ் 14, இரண்டு. பக்கனியர்ஸ் 10, மூன்று. ராம்ஸ் 10, நாலு. அதற்கப்புறம்தான் வைக்கிங்ஸ், 14 வெற்றியோடு ஐந்து! வைல்ட் கார்டாக உள்ளே வந்த அணி 14 ஆட்டம் ஜெயித்திருப்பது என்.எஃப்.எல். வரலாற்றில் அதுவே முதல் தடவை. இந்த விதியின் ஓரம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு மறுகோடி உதாரணமும் உண்டு. 2010 சீசனில் சீஹாக்ஸ் 7 ஜெயித்து 9 தோற்று, ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணியாக, டிவிஷன் முதல்வர் என்ற ஒரே தகுதியில் 11 வெற்றி பெற்ற நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸைத் தன் ஊருக்கு வரவழைத்து 41-36 என்று தோற்கடித்தும் விட்டது.

சமமாக நின்றால்?

ராம்ஸும் சீஹாக்ஸும் ஒரே டிவிஷன், இருவருக்கும் 10 வெற்றி 7 தோல்வி. இந்த மாதிரி நேரத்தில் படிப்படியாக ஒரு சோதனை நடக்கும், ஒரு படியில் முடிவு வராவிட்டால் அடுத்த படி. நேருக்கு நேர் யார் ஜெயித்தது? ஆளுக்கு ஒன்று. டிவிஷனுக்குள் யார் மேல்? இருவருக்கும் 4 வெற்றி 2 தோல்வி, அதாவது 4-2. இருவரும் பொதுவாகச் சந்தித்த அணிகளோடு? சமம். கான்ஃபரன்ஸுக்குள்? 6-6, அதுவும் சமம்.

ஐந்தாவது படியில்தான் முடிவு வந்தது. அதன் பெயர் வெற்றியின் வலு: நீ தோற்கடித்த அணிகள் எல்லாம் சேர்ந்து அந்த சீசனில் எத்தனை சதவீதம் ஜெயித்திருக்கின்றன என்ற கணக்கு. பலமானவர்களை அடித்தவன் மேல் என்று அர்த்தம். இதில் ராம்ஸ் முந்திவிட்டது.

இங்கே வைக்கிங்ஸ் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ராம்ஸ் தோற்கடித்த அணிகளில் வைக்கிங்ஸும் ஒன்று, அக்டோபர் 24 வியாழக்கிழமை இரவு 30-20. சீஹாக்ஸோ வைக்கிங்ஸிடம் டிசம்பரில் 27-24 என்று தோற்றது. அதாவது அந்த அக்டோபர் தோல்விக்குப் பிறகு வைக்கிங்ஸ் தொடர்ச்சியாக ஒன்பது ஆட்டம் ஜெயித்ததே, அதில் ஒவ்வொரு வெற்றியும் ராம்ஸின் வெற்றி வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது, அதிலேயே ஒரு வெற்றி சீஹாக்ஸின் கணக்கில் தோல்வியாகவும் போய் விழுந்தது. ராம்ஸை டிவிஷன் முதல்வராக்கித் தன்னை வெளியூர் அணியாக்கிக்கொண்டதில் வைக்கிங்ஸுக்கும் பங்கு உண்டு. இதை எழுதி வைத்த கதை என்பவர்களிடம் நான் கேட்பது, இவ்வளவு கோணலாக யார் எழுதுவார்கள்?

சொந்த மைதானம் என்றால் அப்படி என்ன?

சத்தம். பந்து ஆட்டத்துக்கு வருமுன் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குத் திட்டத்தைச் சொல்லி, கடைசி நொடியில் மாற்றங்களைக் கத்தி, எந்த ஓசையில் பந்தைக் கொடுக்க வேண்டும் என்பதையும் குரலால்தான் காட்டுகிறார். உள்ளூர் அணியின் கையில் பந்து இருக்கும்போது கூட்டம் அமைதியாகிவிடும். வெளியூர் அணியிடம் பந்து போனதும் அறுபதாயிரம் எழுபதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். பக்கத்தில் நிற்பவன் சொல்வதே கேட்காது. அப்போது என்ன செய்வார்கள் என்றால், நடுவில் குனிந்து பந்தைப் பிடித்திருப்பவருக்குப் பக்கத்து ஆள் தலையைத் திருப்பிப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார், அவர் காலை உயர்த்திச் சைகை காட்டியதும் பந்து வைத்திருப்பவரின் மேல் ஒரு தட்டு தட்டுவார், அப்புறம் பந்து பின்னால் வரும். இதற்குள் யாராவது ஒருவர் அரை நொடி முந்தி அசைந்துவிட்டால் ஐந்து கெஜம் அபராதம். வீட்டில் ஆடுபவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஒரே ராத்திரியில் ஒன்றிலிருந்து ஐந்துக்கு

2025 ஜனவரி 5, ஞாயிறு இரவு, டெட்ராய்ட். சீசனின் மொத்த ஆட்டங்கள் 272, அதில் கடைசி ஆட்டம் இது. லயன்ஸ் 14-2, வைக்கிங்ஸ் 14-2. ஜெயிப்பவருக்கு டிவிஷன், முதல் சீடு, ஒரு வார ஓய்வு, சூப்பர் பவுல் வரை சொந்த மைதானம். தோற்பவருக்கு ஐந்தாவது சீடு. நடுவில் 2, 3, 4 என்ற படிகளே கிடையாது, அவை வேறு வார்டுகளுக்குச் சொந்தம்.

லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது. வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் 41 முறை எறிந்ததில் 18-தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு டச் டவுன்கூட இல்லை, அதாவது பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் ஒரு தடவைகூடக் கொண்டு சேர்க்க முடியவில்லை, மூன்று முறை கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பெற்ற ஒன்பது புள்ளிதான். அக்டோபரிலும் லயன்ஸிடம் 31-29 என்று தோற்றிருந்தார்கள். ஆக, சீசன் முழுக்க வைக்கிங்ஸை ஜெயித்தவை இரண்டே அணிகள், லயன்ஸ் இரண்டு முறை, ராம்ஸ் ஒரு முறை.

எட்டு நாள் கழித்து ராம்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ பரவியிருந்ததால் ஆட்டத்தை அரிசோனாவின் கிளென்டேலுக்கு மாற்றிவிட்டார்கள், ஆனாலும் கணக்கில் ராம்ஸ்தான் உள்ளூர் அணி. முடிவு 27-9. எறிவதற்கு முன்பே ஒன்பது தடவை டார்னால்டைக் கீழே சாய்த்தார்கள். உண்மையைச் சொன்னால் விதி அன்று வைக்கிங்ஸைத் தோற்கடிக்கவில்லை. ராம்ஸே சொந்த ஊரில் ஆடவில்லையே. ஒன்பது முறை விழுகிற அணி தன் சொந்த ஊரான மினியாபோலிஸிலும் தோற்றிருக்கும்.

முதல் சீடும் கேடயம் இல்லை. ஓய்வெடுத்துவிட்டு வந்த லயன்ஸ் சொந்த மைதானத்தில் ஆறாவது சீடான வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று தோற்றது. கோப்பை வைக்கிங்ஸின் அதே 14-3 கணக்கு வைத்திருந்த ஈகிள்ஸுக்குப் போனது. அவர்கள் வார்டில் இரண்டாமிடம் 12 வெற்றிதான்.

சுருக்கமாக: டிவிஷனில் முதலிடம் வந்தால் ப்ளேஆஃப் வாசலும் உண்டு, முதல் ஆட்டத்துக்கு ஒன்று ஓய்வு அல்லது சொந்த மைதானமும் உண்டு. இரண்டாமிடம் என்றால் 14 ஜெயித்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

என் கருத்து இதில் பாதிப் பாதி. டிவிஷன் முதல்வருக்கு வாசல் திறப்பது சரி, ஏனென்றால் நியாயமான ஒப்பீடு அந்த நாலு பேருக்குள் மட்டுமே நடந்திருக்கிறது. ஆனால் உள்ளே வந்தபிறகு சொந்த மைதானத்தையும் சேர்த்துக் கொடுப்பது கொஞ்சம் அதிகம். 2025-இல் வெற்றிக் கணக்குப்படி சீடு கொடுக்கலாம் என்று ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. கொண்டுவந்தது யார் தெரியுமா, அப்போதுதான் முதல் சீடாக இருந்த லயன்ஸ். ஆதரவு தேறாமல் மே மாதம் அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருடத்துக்கான பில்

சீசன் முடிந்ததும் மேலே போனவர்களைக் கீழே இழுக்கும் வேலை தொடங்கிவிடும். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மோசமாக ஆடியவருக்கு முதல் வாய்ப்பு. 7 வெற்றி வருடத்துக்குப் பிறகு வைக்கிங்ஸுக்குக் கிடைத்தது 11-ஆவது இடம், ஒரு படி பேரம் பேசி மேலேறி 10-ஆவதாக ஜே.ஜே. மெக்கார்த்தி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவர் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்ததால்தான் டார்னால்டின் கையில் அணி வந்தது. 14 வெற்றி வருடத்துக்குப் பிறகு கிடைத்ததோ 24-ஆவது இடம்.

சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2024-இல் ஒரு அணிக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர். டார்னால்டை வைக்கிங்ஸ் ஒரே வருட ஒப்பந்தத்தில் 1 கோடி டாலருக்கு எடுத்திருந்தது, குவார்ட்டர்பேக் சந்தையில் அது மலிவு. 35 டச் டவுன் எறிந்த பிறகு அந்த விலைக்கு யார் இருப்பார்? மூன்று வருடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் என்று சீஹாக்ஸ் அழைத்துக்கொண்டது.

அப்புறம் அட்டவணை. 2024-இல் இரண்டாமிடம் என்பதால் 2025-இல் வைக்கிங்ஸுக்கு அந்த மூன்று ஆட்டமும் இரண்டாமிடக்காரர்களோடு: ஃபால்கன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ், சீஹாக்ஸ். முந்தைய வருடம் மூன்றிலும் ஜெயித்த அணி அந்த வருடம் மூன்றிலும் தோற்று, 9 வெற்றி 8 தோல்வியோடு ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது. சியாட்டிலில் ஸ்கோர் 26-0, எதிரணியின் குவார்ட்டர்பேக் டார்னால்ட்.